டியாஜியோ தலைமைச் செயல் அதிகாரியின் திடீர் விலகலும் ஐந்தரை மாத இடைக்காலத் தலைமையும்: பங்குதாரர் இதை எப்படி வாசிப்பது?

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். யுனைடெட் ஸ்பிரிட்ஸ் பங்குகளைச் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். அந்நிறுவனத்தின் பாதிக்கும் மேற்பட்ட பங்குகள் லண்டனில் தலைமையகம் கொண்ட மது நிறுவனமான டியாஜியோவின் கையில் இருப்பதால், தாய் நிறுவனத்தில் நடப்பவற்றையும் இயன்றவரை தொடர்ந்து படித்து வருகிறேன்.

2025 ஜூலை 16 அன்று டியாஜியோவின் தலைமைச் செயல் அதிகாரி டெப்ரா க்ரூ, பரஸ்பர ஒப்புதலின் பேரில் உடனடியாகப் பதவி விலகுகிறார் என்ற அறிவிப்பு வந்தது. அதே அறிவிப்பிலேயே தலைமை நிதி அதிகாரி நிக் ஜாங்கியானி இடைக்காலத் தலைமைச் செயல் அதிகாரியாக அமர்த்தப்பட்டார். நிரந்தரப் பொறுப்புக்கு டேவ் லூயிஸின் பெயர் நவம்பர் 10 அன்றுதான் வெளிவந்தது. அவர் பதவியேற்றது 2026 ஜனவரி 1 அன்று. ஜானி வாக்கர், கின்னஸ், ஸ்மிர்னாஃப் ஆகியவற்றை விற்கும் ஒரு நிறுவனம் ஐந்தரை மாதங்கள் இடைக்காலத் தலைமையின் கீழ் நடந்திருக்கிறது.

மே மாதத்தில்தான் மூன்று ஆண்டுகளில் 50 கோடி டாலர் செலவைக் குறைக்கும் திட்டத்தை க்ரூ அறிவித்திருந்தார். அந்தத் திட்டத்தை அறிவித்தவரையே இரண்டு மாதங்களில் இயக்குநர் குழு விலகச் செய்தது என்றால், அவர்மீதிருந்த நம்பிக்கை எப்போது போனது என்பது எனக்கு விளங்கவில்லை. அடுத்தவர் யார் என்று முடிவாகாத நிலையில் இருப்பவரை அனுப்புவது பொறுப்பான செயலா? அந்த ஐந்தரை மாதங்களில் இடைக்காலத் தலைவரால் உண்மையில் ஏதேனும் செய்ய முடிந்ததா, அல்லது நாற்காலி காலியாகத் தெரியாமல் பார்த்துக்கொண்டாரா? எங்களைப் போன்ற சிறு முதலீட்டாளர்கள் இத்தகைய அறிவிப்பு வரும்போது முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

மதுத் தொழிலில் முதலிடுவது சரிதானா என்ற கேள்வி எனக்கும் உண்டு. அதைத் தனி இழையில் பேசலாம் என்பதால், இங்கே நிருவாகத்தைப் பற்றி மட்டும் உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

பேரேடு

வணக்கம் ஐயா. முப்பது ஆண்டுகள் தணிக்கைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த விலகலை 2025 ஜூலையிலிருந்து படிக்கத் தொடங்கினால் புரியாது. இரண்டு ஆண்டுகள் பின்னே போக வேண்டும்.

புனேயில் பிறந்த இவான் மெனேசஸ் 2013 ஜூலை முதல் பத்து ஆண்டுகள் டியாஜியோவை நடத்தினார். அவர் 2023 ஜூன் இறுதியில் ஓய்வு பெறுவார், அப்போது தலைமை இயக்க அதிகாரியாக இருந்த க்ரூ அவருக்குப் பின் வருவார் என்று அந்த ஆண்டு மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார்கள். பாடநூலில் சொல்வது போன்ற ஒழுங்கான கைமாற்றம் அது. ஆனால், ஓய்வுக்குச் சில வாரங்கள் இருக்கையில் மெனேசஸ் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்ததால் ஜூன் 5 அன்று க்ரூவை இடைக்காலத் தலைவராக்கினார்கள். ஜூன் 7 அன்று மெனேசஸ் காலமானார். அதாவது, க்ரூ அந்த நாற்காலியில் முதலில் அமர்ந்ததே இடைக்காலம் என்ற அடைமொழியுடன்தான். முன்னவரோடு உட்கார்ந்து கணக்கு வழக்குகளைப் பேசி வாங்கிக்கொள்ள வேண்டிய கடைசி வாரங்கள் அவருக்குக் கிடைக்கவில்லை. இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை.

அதே ஆண்டு நவம்பர் 10 அன்று, லத்தீன் அமெரிக்கா மற்றும் கரீபியன் பகுதியில் அரையாண்டு விற்பனை 20 விழுக்காட்டுக்கும் மேல் குறையும் என்று நிறுவனம் எச்சரித்தது. ஒரே நாளில் பங்கின் விலை ஏறத்தாழ 12 விழுக்காடு வீழ்ந்தது. குழுமத்தின் மொத்த விற்பனையில் அந்தப் பகுதியின் பங்கு சுமார் 11 விழுக்காடுதான். இருந்தும் சந்தை ஏன் அவ்வளவு பதறியது? மக்கள் விலை குறைந்த வகைகளுக்கு மாறிக்கொண்டிருந்தபோது மொத்த விற்பனையாளர்களின் கிடங்குகளில் சரக்கு தேங்கிக் கிடந்தது; அது தலைமையகத்துக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. விற்பனை குறைந்ததை முதலீட்டாளர்கள் மன்னிப்பார்கள். கிடங்கில் எத்தனை பெட்டி இருக்கிறது என்று தெரியாமல் இருந்ததை மன்னிக்க மாட்டார்கள். தேங்கிய சரக்கில் பெரும்பகுதி க்ரூ பொறுப்பேற்பதற்கு முன்பே அனுப்பப்பட்டதாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பதவியேற்று ஐந்து மாதங்களே ஆன ஒருவர்மீது அந்தப் பழி முழுவதும் விழுந்தது.

அதன் பிறகு நடந்தவற்றை வரிசைப்படுத்திப் பாருங்கள். 2024 செப்டம்பரில் தலைமை நிதி அதிகாரி லாவண்யா சந்திரசேகர் இருந்த இடத்துக்கு ஜாங்கியானி வந்தார். 2025 பிப்ரவரியில், ஆண்டுக்கு 5 முதல் 7 விழுக்காடு வளர்ச்சி என்ற நடுத்தரக் கால இலக்கை, அமெரிக்கச் சுங்க வரி பற்றிய நிச்சயமின்மையைக் காரணம் காட்டி நிறுவனம் கைவிட்டது. அதே மாதத்தில் இயக்குநர் குழுவின் தலைவராக ஹேவியர் ஃபெர்ரானுக்குப் பதில் ஜான் மான்சோனி வந்தார். க்ரூவைத் தேர்ந்தெடுத்த தலைவரும் அவர் பதவியேற்றபோது இருந்த நிதி அதிகாரியும் போன பின், அந்த அணியில் எஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். எனவே, நம்பிக்கை எப்போது போனது என்ற உங்கள் கேள்விக்கு என் விடை: மே மாதத்துக்கும் ஜூலை மாதத்துக்கும் இடையில் புதிதாக எதுவும் உடைந்துவிடவில்லை, பிப்ரவரியில் வந்த புதிய தலைவர் நிலைமையை எடைபோட எடுத்துக்கொண்ட காலம் அது.

அறிவிப்பு வந்த தேதியையும் கவனியுங்கள். டியாஜியோவின் நிதியாண்டு ஜூன் 30 அன்று முடிகிறது. ஆண்டு முடிவுகள் ஆகஸ்ட் 5 அன்று வரவிருந்தன. இடையில், ஜூலை 16 அன்று இந்த அறிவிப்பு. ஆண்டு முடிவுகளை வாசித்து அடுத்த ஆண்டுக்கான வழிகாட்டுதலை, அதாவது விற்பனை எப்படி இருக்கும் என்ற முன்கணிப்பைத் தருபவர், அதற்குப் பொறுப்பேற்கப் போகிறவராகவே இருக்கட்டும் என்று இயக்குநர் குழு எண்ணியிருக்க வேண்டும். அடுத்தவர் கிடைக்கும்வரை காத்திருந்தால், விலகப்போகும் ஒருவர் வாக்குறுதி கொடுத்து, வேறொருவர் அதைக் காப்பாற்ற வேண்டிய நிலை வந்திருக்கும்.

இருந்தாலும், அடுத்தவர் தயாராக இல்லாமல் இருந்தது இயக்குநர் குழுவின் குறை என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் இறப்பு அவர்களுக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்திருந்தது.

நெய்தல்

நான் கம்பெனி செயலராகப் பணிபுரிகிறேன். பேரேடு ஐயா விரிவாகச் சொல்லிவிட்டதால், சட்டம் தொடர்பாக ஒரு வேறுபாட்டை மட்டும் சேர்க்கிறேன். நம் முதலீட்டாளர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

இந்தியாவில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனம் இவ்வாறு ஐந்தரை மாதங்களை எளிதில் கடத்திவிட முடியாது. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பட்டியலிடல் விதிமுறைகளில் 2023ஆம் ஆண்டு சேர்க்கப்பட்ட 26ஏ விதியின்படி, தலைமைச் செயல் அதிகாரி, நிருவாக இயக்குநர் போன்ற பதவிகள் காலியானால் மூன்று மாதங்களுக்குள் நிரப்பியாக வேண்டும். ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் தேவைப்படும் இடங்களுக்கு மட்டும் பின்னர் ஆறு மாதம் வரை இடம் கொடுத்தார்கள். இடைக்காலம் என்ற பெயரில் ஒருவரை அமர்த்தி இந்தக் கெடுவைத் தாண்டவும் வழியில்லை. புதிய நியமனத்துக்குரிய எல்லாச் சட்டத் தேவைகளும் இடைக்காலத் தலைவருக்கும் பொருந்தினால்தான் அந்த நியமனம் செல்லும் என்று அதே விதி சொல்கிறது. அதற்கு முன்பு, 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 203ஆம் பிரிவு தரும் ஆறு மாதக் கெடுதான் பொதுவான அளவுகோலாக இருந்தது.

விலகல் கடிதமும் அப்படித்தான். முதன்மை நிருவாகப் பொறுப்பில் உள்ள ஒருவர் இங்கே விலகினால், காரணங்களைக் கூறும் அவருடைய கடிதத்தை, விலகல் நடைமுறைக்கு வந்த ஏழு நாட்களுக்குள் பங்குச்சந்தைக்குக் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் கடிதத்தை வெளியிடும் அத்தகைய கட்டாயம் இல்லை. அங்கே வேறொரு வாசல் திறந்திருக்கிறது: 2006ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி, விலகும் இயக்குநருக்குக் கொடுத்த, கொடுக்கப்போகும் தொகைகளின் விவரத்தை நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பரஸ்பர ஒப்புதல் என்ற சொற்களின் உட்பொருளை அறிய விரும்பினால், அந்த அறிக்கையில் அறிவிப்புக் கால ஊதியம் எப்படிக் கொடுக்கப்படுகிறது, முதிர்வடையாத பங்கு விருதுகள் (தருவதாகச் சொல்லி இன்னும் கைக்கு வராத பங்குகள்) தொடர்கின்றனவா, ரத்தாகின்றனவா என்று பாருங்கள். தவறு செய்தார் என்று நிறுவனம் கருதினால் அந்த விருதுகள் கைவிட்டுப் போகும். வெறுமனே வேறு ஆளைத் தேட முடிவு செய்தது என்றால் பெரும்பாலும் விகிதப்படி தொடரும். செய்திக்குறிப்பின் கனிந்த சொற்களைவிட இந்தப் பத்தி எனக்கு அதிகம் சொல்லும்.

கிரேட் எண்ணியவன்

நண்பர்களே, மேலிருந்து பார்த்தவற்றை நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கீழிருந்து பார்த்த ஒன்றை நான் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்பான ஆலையின் விற்பனைக் கணக்குப் பிரிவில் பணிபுரிந்தேன். நவம்பர் மாதம் ஒன்றில் எங்கள் நிருவாக இயக்குநர் திடீரென்று விலக, வேறொரு பிரிவின் தலைவர் இடைக்காலப் பொறுப்பேற்றார். நல்ல மனிதர், யாரிடமும் கடிந்து பேசமாட்டார்.

குளிர்பானத் தொழிலில் கோடைக்கான முடிவுகள் அனைத்தும் மார்கழி, தை மாதங்களிலேயே எடுக்கப்பட வேண்டியவை. எந்த அளவு பாட்டிலை எவ்வளவு நிரப்பி வைப்பது, எந்த ஊர் டீலருக்குக் கூடுதல் குளிர்சாதனப் பெட்டி கொடுப்பது, மாசி முதல் என்ன ஸ்கீம் விடுவது என்று ஒவ்வொன்றுக்கும் கையெழுத்து வேண்டும். அந்த ஆண்டு எல்லாக் கோப்புகளும் ஒரே குறிப்புடன் திரும்பி வந்தன: புதியவர் வந்ததும் பார்க்கலாம். டீலர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய கிளெய்ம் தொகைகள்கூட நின்றுபோயின. பங்குனியில் வெயில் ஏறியபோது எங்கள் டீலர்கள் போட்டி நிறுவனத்தின் சரக்கை முன்னால் அடுக்கிவிட்டு, எங்கள் கிரேட்டுகளைப் பின்னால் தள்ளியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் பணம் மூன்று மாதமாக எங்களிடம் முடங்கிக் கிடந்தபோது, கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாதிருந்தது. புதிய நிருவாக இயக்குநர் சித்திரையில் வந்தார். ஒரு கோடை முழுவதும் போய்விட்டிருந்தது.

அதனால், இடைக்காலத் தலைவர் என்று கேட்டதும் நான் முதலில் கேட்பது, அவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் உண்டா என்பதைத்தான். டியாஜியோவில் அது இருந்ததா என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பேரேடு

நண்பர் கேட்டது சரியான கேள்வி. டியாஜியோவில் அந்த அதிகாரம் இருந்தது என்றே அந்த ஐந்தரை மாத நடவடிக்கைகள் காட்டுகின்றன.

ஆகஸ்ட் 5 அன்று ஆண்டு முடிவுகளை வெளியிட்டபோது, 50 கோடி டாலர் என்றிருந்த செலவுக் குறைப்பு இலக்கை ஜாங்கியானி 62.5 கோடி டாலராக உயர்த்தினார். காத்திருக்கும் மனநிலையில் உள்ள ஒருவர் முன்னவரின் இலக்கைத் தொட்டிருக்க மாட்டார். ஜாங்கியானி விட்டு வந்த நிதிப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ள, முன்பு டியாஜியோவிலேயே தலைமை நிதி அதிகாரியாக இருந்த டியர்ட்ரி மாலனை இடைக்காலத்துக்கு அழைத்துக்கொண்டார்கள். இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே மனிதர் இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்தால், திட்டத்தை முன்வைப்பவரும் அதன் கணக்கைக் கேள்வி கேட்பவரும் ஒருவரே ஆகிவிடுவார்; அங்கேதான் பிழைகள் நுழைகின்றன. என் பணிக்காலத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நவம்பர் 6 அன்று ஜாங்கியானி செய்ததுதான் எல்லாவற்றிலும் கடினமானது. சீனாவில் வெண்மது எனப்படும் பைஜியு வகையின் விற்பனை சரிந்ததாலும் அமெரிக்காவில் நுகர்வு மந்தமாக இருந்ததாலும், அப்போதைய நிதியாண்டின் விற்பனை முந்தைய ஆண்டளவிலேயே நிற்கும் அல்லது சற்றே குறையும் என்று வழிகாட்டுதலைத் தாழ்த்தினார். நிரந்தரப் பதவிக்கு இயக்குநர் குழு ஆள் தேடிக்கொண்டிருந்த காலத்தில், இடைக்காலத் தலைவர் ஒருவர் இப்படிக் கெட்ட செய்தியை மறைக்காமல் சொல்வதற்கு மன உறுதி வேண்டும். நான்கு நாட்கள் கழித்து லூயிஸின் பெயர் அறிவிக்கப்பட்டது. கசப்பான செய்தி முதலில், புதிய தலைவர் பின்னர் என்ற இந்த வரிசை, வருபவர் சுத்தமான பலகையில் எழுதத் தொடங்கட்டும் என்பதற்காகத்தான் என்று நான் நினைக்கிறேன்.

டிசம்பர் 17 அன்று, கிழக்கு ஆப்பிரிக்கா புரூவரீஸ் என்ற பீர் நிறுவனத்தில் வைத்திருந்த 65 விழுக்காடு பங்கை ஜப்பானின் அசாஹிக்குச் சுமார் 230 கோடி டாலருக்கு விற்க டியாஜியோ ஒப்பந்தம் செய்தது. இதில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. புதியவர் வர இரண்டு வாரம் இருக்கையில் இவ்வளவு பெரிய சொத்தை விற்பது முறையா என்று கேட்கலாம். ஆனால் 2025 ஜூன் இறுதியில் நிறுவனத்தின் நிகரக் கடன் சுமார் 2,200 கோடி டாலர்; வட்டி, வரி, தேய்மானம் ஆகியவற்றைக் கழிக்கும் முன்புள்ள ஆண்டு இலாபத்தைப் போல் 3.4 மடங்கு. நிறுவனம் தனக்கு வகுத்துக்கொண்ட வரம்போ 2.5 முதல் 3 மடங்கு. கடன் அந்த அளவில் இருக்கும்போது, நல்ல விலை கேட்டு வருபவரை ஜனவரியில் வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதும் ஒரு முடிவுதான். அதற்கும் விலை உண்டு.

வைகைக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கிரேட் எண்ணியவன் அவர்களின் அனுபவத்தைப் படித்தபோது, இதுவரை பங்கு விலையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது. ஒரு துணைக் கேள்வி. மற்ற பான நிறுவனங்களோடு ஒப்பிட்டால் ஐந்தரை மாதம் அதிகமா? தேர்ந்தெடுக்கப்படாத இடைக்காலத் தலைவர் பிறகு மனம் கசந்து வெளியேறிவிடும் ஆபத்தும் இருக்கிறதல்லவா?

நெய்தல்

அதிகம்தான், ஆனால் காலம் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 13 அன்று லக்ஷ்மண் நரசிம்மனை விலக்கிய அதே அறிவிப்பில் பிரையன் நிக்கோலின் பெயரையும் சொல்லிவிட்டது. செப்டம்பர் 9 அன்று அவர் வரும்வரை நான்கு வாரத்துக்கும் குறைவான காலம் மட்டும் நிதி அதிகாரி ரேச்சல் ருகெரி பொறுப்பில் இருந்தார். அறிவிப்பு வந்த அன்று அந்தப் பங்கு 24 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது. ஆளைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு பேசுவதன் பலன் அது. எனினும், உங்கள் இரண்டாம் கேள்விக்கு ஏற்றாற்போல், ருகெரியின் இடத்துக்கு 2025 மார்ச்சில் வேறொருவரை அறிவித்தார்கள்.

இத்தாலியின் மது நிறுவனமான காம்பாரி வேறுவிதம். அங்கே மத்தேயோ ஃபாண்டாக்கியோட்டி, பதவியேற்ற ஐந்து மாதங்களிலேயே, 2024 செப்டம்பரில் தனிப்பட்ட காரணங்களுக்காக விலகினார். நிதிப் பொறுப்பாளர் பாவ்லோ மார்க்கெசினியும் தலைமைச் சட்ட அதிகாரி ஃபாபியோ டி ஃபெடேயும் இணைந்து இடைக்காலத் தலைமையை ஏற்க, முன்னாள் தலைமைச் செயல் அதிகாரி பாப் குன்ஸே-கான்செவிட்ஸ் வழிநடத்தும் ஒரு குழுவை அவர்களுக்கு மேல் வைத்தார்கள். சைமன் ஹன்ட் 2025 ஜனவரியில் பொறுப்பேற்றார். இருவர் தலைமை என்பது சமநிலையாகத் தோன்றினாலும், முடிவு யாருடையது என்ற குழப்பம் அதில் எப்போதும் இருக்கும். காம்பாரியில் கட்டுப்பாடு ஒரு குடும்பத்தின் கையில் உறுதியாக இருந்ததால் அது தாங்கியது என்பது என் எண்ணம். நிறுவனர் திரும்பி வரக்கூடிய இடங்களில் இந்தத் தொல்லையே எழுவதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் பீர் நிறுவனத்தில் 2025 ஆகஸ்டில் மைக்கேல் ஸ்பிலேன் விலகியபோது, நிறுவனர் ஜிம் காக் அவர்களே மீண்டும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். டியாஜியோவுக்கு அப்படி ஒரு குடும்பமும் இல்லை, நிறுவனரும் இல்லை. 1997இல் கின்னஸும் கிராண்ட் மெட்ரோபாலிட்டனும் இணைந்து உருவான நிறுவனம் அது. இயக்குநர் குழு தேடித்தான் ஆக வேண்டும்.

ஜாங்கியானி வெளியேறவில்லை. லூயிஸை அறிவித்தபோதே, அவர் மீண்டும் தலைமை நிதி அதிகாரியாகத் தொடர்வார் என்று சொல்லிவிட்டார்கள்.

பேரேடு

அந்தத் தொடர்ச்சி லூயிஸுக்கு மிகவும் தேவைப்படும். அவர் 2014 செப்டம்பரில் பிரிட்டனின் பேரங்காடி நிறுவனமான டெஸ்கோவின் தலைமைக்குச் சென்றபோது, சில வாரங்களுக்குள்ளேயே இலாபம் சுமார் 25 கோடி பவுண்டு மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருந்தது வெளிவந்தது. பழைய கணக்கை நம்பி நாற்காலியில் அமர்வது எவ்வளவு ஆபத்தானது என்பதை அவர் அளவுக்கு நேரில் கண்டவர்கள் குறைவு. யூனிலீவரில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், டெஸ்கோவில் ஆறு ஆண்டுகள் என்று இருந்தவருக்கு மதுத் தொழில் புதிது. சரக்கு எங்கே எவ்வளவு நிற்கிறது என்று சொல்லக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருப்பது அவருக்கும் நல்லது, பங்குதாரருக்கும் நல்லது.

வைகைக்கரை ஐயா கைவசம் வைத்திருக்கும் யுனைடெட் ஸ்பிரிட்ஸைப் பொறுத்தவரை, லண்டனில் இடைக்காலம் நடந்தபோது இங்கே கோப்புகள் உறங்கவில்லை. 2025 ஏப்ரலில் அதன் தலைமைச் செயல் அதிகாரியாகப் பொறுப்பேற்ற பிரவீண் சோமேஷ்வர் தொடர்ந்தார். 2025 நவம்பர் 5 அன்று, பெங்களூரு கிரிக்கெட் அணியை வைத்திருக்கும் துணை நிறுவனத்தில் தன் முதலீட்டைத் தொடர்வதா என்று மறுஆய்வு செய்வதாகப் பங்குச்சந்தைக்கு அந்நிறுவனம் தெரிவித்தது. தாய் நிறுவனம் கடனைக் குறைக்க முயலும் அதே காலத்தில் அந்த அறிவிப்பு வந்ததை நான் தற்செயலாகப் பார்க்கவில்லை. அத்தகைய விற்பனையில் வரும் பணம் இங்குள்ள சிறுபான்மைப் பங்குதாரர்களுக்கும் உரிய விகிதத்தில் ஈவுத்தொகையாக வருகிறதா என்பதை நீங்கள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

வைகைக்கரை

கவனிக்கிறேன் ஐயா. நெய்தல் அம்மையார் சொன்ன அந்தத் தொகை அறிக்கையை இன்றிரவு தேடிப் படிக்கப் போகிறேன். அடுத்த டியாஜியோ அரையாண்டு அறிக்கை வந்ததும், கிடங்குச் சரக்கு பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து இதே இழையில் எழுதுகிறேன்.